பத்தொன்பது இஞ்ச் கழுத்து

ஜூலை 6, ஞாயிறு

மதியம் வரை வெயில். பிறகு குனோங் ராபாட் மலையே தெரியாத மழை. நாளைக்குப் புது வேலை. வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். மேல் பித்தான் எட்டவில்லை. இழுத்துப் போட்டதும் தெறித்துச் சாமி மேடைக்கு அடியில் போய் விழுந்தது.

என் மனைவி செல்விக்கு (இனி செ.) சூப்பர்மார்க்கெட்டில் ஆண்கள் துணிப் பிரிவில் வேலை. டேப்பை எடுத்து வந்து அளந்தாள்.

"பத்தொம்போது இஞ்ச். எங்க கடையில பதினேழரைக்கு மேல கிடையாதுங்க. மாட்டுக்குத் தைக்கிற மாதிரிதான் தைக்கணும்."

சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள்.

இடது விலாவில் இன்னும் வலி. வெள்ளிக்கிழமையோடு கிளப் வேலை முடிந்தது. பன்னிரண்டு வருஷம் கறுப்பு டீ-ஷர்ட்டில் வாசலில் நின்ற இடம். வழியனுப்பி வைத்தது ஒரு குடிகாரன், பார் ஸ்டூலால். அவனைத் தூக்கிப் படியில் எறிந்தேன். முன்பல் இரண்டு படியில் கிடந்தன. பொறுக்கி டிஷ்யூவில் சுற்றி அவன் பாக்கெட்டிலேயே வைத்தேன். என் கை நடுங்கவில்லை. செ.வுக்குப் பிடிக்காதது அதுதான். "நடுங்கணும்ங்க. ஒரு ஆளை அடிச்சா நடுங்கணும்."

இந்த டைரி அவள் கடையில் பாதி விலை. வருஷம் பாதி போய்விட்டதால்.

செய்ய வேண்டியவை: சவரம். கறுப்பு சாக்ஸ். காதர் பாய் தையல் கடை எப்போது திறக்கும் என்று கேட்பது.


ஜூலை 7, திங்கள்

வெயில். மேல் பித்தான் இல்லாமல், டையால் மறைத்துக்கொண்டு போனேன்.

ஆபீஸ் ஒரு கோப்பிக் கடைக்கு மேலே. மூன்றே பேர்: முதலாளி லியோங், கணக்கு பார்க்கும் ஓர் அம்மா, நான். எஸ்டேட், ஃபேக்டரி, மில் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு ஆலோசனை. வேலி எங்கே, விளக்கு எங்கே, எத்தனை காவலாளி என்று எழுதிக் கொடுப்பது. லியோங்குக்கு அறுபது வயது. மலாயும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவார். எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

என்னை நடுவில் நிற்க வைத்துச் சுற்றி வந்தார். சொன்னவை:

— சங்கிலி சட்டைக்கு உள்ளே.
— மோதிரம் ஒன்று போதும், கல்யாண மோதிரம். மற்ற மூன்றும் வீட்டில் இருக்கட்டும். (அவை எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.)
— வாடிக்கையாளர் போடும் உடுப்பைவிட ஒரு படி மேலே உடுத்து. இரண்டு படி போனால் வெறுப்பார்கள்.
— எஸ்டேட்டுக்கு டை வேண்டாம். நீளக் கைச் சட்டை கட்டாயம். தழும்பு தெரியக்கூடாது.
— உட்கார்ந்தால் கை மேசைமேல். விரல் விரிந்து. மடக்கவே கூடாது.

கடைசிதான் கஷ்டம். பேசிக்கொண்டே இருக்கும்போது என் விரல்கள் தானாக மடங்குகின்றன. ஸ்கேலால் மெதுவாகத் தட்டினார்.

"இங்க நீ யாரையும் தொடக்கூடாது. தொடுறவனுக்குச் சம்பளம் கம்மி. சொல்றவனுக்குத்தான் ஜாஸ்தி."

பின் என்னை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ உள்ள வந்தா எல்லாரும் பேச்ச நிறுத்துறாங்க. அப்ப நான் பேசுவேன்."


ஜூலை 8, செவ்வாய்

தூறல். காதர் பாய் கடை. நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று.

"தம்பி கழுத்துக்கே ஒரு மீட்டர் துணி போகும்லா" என்றார். நல்ல மனிதர். காலருக்குக் குண்டூசி குத்தும்போது முனை தொண்டையில் பட்டுவிட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது, அவர் மணிக்கட்டு என் பிடியில். முறுக்கியும் விட்டேன். டேப் கீழே விழுந்தது.

"விடுப்பா, விடு... இந்தக் கையிலதான் எனக்குச் சோறு."

விட்டேன். நாலு விரல் தடம் சிவப்பாக. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, பரவாயில்லை என்றார். ஆனால் மிச்சத்தை ஒரு முழம் தள்ளி நின்றே அளந்தார்.

கறுப்பு ஷூ வாங்கியாயிற்று. குதிகால் கடிக்கிறது.


ஜூலை 10, வியாழன்

காலையில் சட்டைகள் வந்தன. பித்தானை மேல்வரைக்கும் போட்டு எச்சில் விழுங்கிப் பார்த்தேன். விழுங்க முடிந்தது! என் வயதில் இது முதல் தடவை.

சாயங்காலம் செ.வின் தம்பி சேகர் சாப்பிட வந்தான். டையைத் தூக்கிப் பார்த்து, "வாசல்ல காவல் நிக்கிற ஜாகா வேலைக்கு எதுக்கு மச்சான் இது?" என்றான்.

"ஜாகா இல்ல. ஆலோசகர்."

"சரிலா. ஆலோசகர் ஜாகா."

மேசையைக் கவிழ்த்தேன். மீன் குழம்பு சுவரெல்லாம். சேகர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் செ. முகத்தைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. அடுப்படிக்குப் போய்த் துணி எடுத்து வந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். சேகர் சாப்பிடாமல் போய்விட்டான். நான் சுவரைத் துடைத்தேன். மஞ்சள் போகவில்லை.

பிறகு அவள் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். காலரை மட்டும் ரொம்ப நேரம் தேய்த்தாள்.


ஜூலை 11, வெள்ளி

வெயில். முதல் வாடிக்கையாளர். பீடோர் பக்கம் ஓர் எஸ்டேட். முன்பு ரப்பர், இப்போது முழுக்கச் செம்பனை. பழைய லயத்து வீடுகளில் சில குடும்பங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. பழக்குலை திருட்டு அதிகம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

உதவி மேனேஜர் பெயர் ரவின். முப்பது வயது இருக்கும். தமிழன். காலர் வைத்த டீ-ஷர்ட்டில் கம்பெனி சின்னம். காட்டு வேலை, ஆனால் பூட்ஸில் துளி சேறு இல்லை. லியோங் வேலி, விளக்கு, கேட் என்று பேசிக்கொண்டே போனார். ரவின் என் காதையும் மூக்கையுமே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு இரண்டு தடவை உடைந்தது, காது நசுங்கியது.

"முன்ன எங்க வேலை பார்த்தீங்க?"

"வாசல்ல."

அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தான். "வேலியெல்லாம் வேணாம் சார். ஒருத்தன் மாட்டுனா போதும். ஒருத்தன ஒழுங்கா கவனிச்சா, மத்தவனெல்லாம் வர மாட்டான்."

என் கை மேசைமேல்தான். விரல் விரிந்து.

உர ஸ்டோரைக் காட்டினான். ஆணியில் ஒரு ரப்பர் ஹோஸ், ஒரு கை நீளத்துக்கு வெட்டித் தொங்கவிட்டிருந்தது. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் எங்குமே இல்லை. நான் பார்த்தேன். லியோங்கும் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

திரும்பும்போது லியோங்தான் கார் ஓட்டினார். தாப்பா தாண்டியதும், "நல்லா உக்காந்திருந்த" என்றார். பாராட்டு.


ஜூலை 15, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கேட்டுகளை அளந்து வரச் சொல்லி லியோங் என்னைத் தனியாக அனுப்பினார். காலையிலேயே மோட்டாரில் கிளம்பினேன். நீலச் சட்டை அழுக்காகாமல் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டேன். எஸ்டேட்டில் பனி. ஜாக்கெட்டைக் கழற்றி மோட்டாரில் வைத்தேன். ஆபீஸில் ஆள் இல்லை. உர ஸ்டோர் பக்கமிருந்து சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சுவரில் விழுந்தால் ஒரு மாதிரி, மேசையில் விழுந்தால் ஒரு மாதிரி. இது உடம்பில் விழுந்தது.

வாசலில் ஒரு பெண், நைட்டியில், தோளில் துண்டு. ஒரு காவலாளி அவளை உள்ளே விடாமல் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவனை உதறிவிட்டு ஓடி வந்தாள்.

"சார்! பெரிய ஆபீசரா சார் நீங்க? சொல்லுங்க சார்! என் தம்பிய கொல்றானுங்க!"

பெயர் பூங்கொடி என்று பிறகு தெரிந்தது. லயத்தில் இருப்பவள். என்னை ஆபீசர் என்று நினைத்தது சட்டையைப் பார்த்து.

உள்ளே அவள் தம்பி தினேஷ், தூணில் கட்டியிருந்தார்கள். இருபத்தைந்து வயது கூட இருக்காது. விடிகாலையில் வேனில் குலையோடு மாட்டினானாம். இரண்டு பேர் மாறி மாறி ஹோஸால். ஒரு கண் ஏற்கெனவே மூடிவிட்டது. வாயிலிருந்து நெஞ்சு வரை ரத்தம். ரவின் உர மூட்டைமேல் உட்கார்ந்து பெட்டிச் சோயாப்பால் குடித்துக்கொண்டிருந்தான்.

நான் லியோங் குரலில் சொன்னேன். மெதுவாக, நேராக நின்று. "நிறுத்துங்க. போலீஸைக் கூப்பிடுங்க."

அடித்தவர்கள் நிறுத்தினார்கள்! ஒருவன் ஹோஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. ஒரு நிமிஷம் எனக்கே நம்பிக்கை வந்தது. கையைத் தூக்காமலே நடக்கிறது என்று.

ரவின் பெட்டியைக் கசக்கிப் போட்டான். "கன்சல்டன் சார், நீங்க போய் வேலிய அளங்க." ஹோஸை வாங்கிக்கொண்டு தானே எழுந்து வந்தான்.

குறுக்கே போய் நின்றேன். முதல் அடி என் தோளில். அடுத்தது கழுத்தில். கையைத் தூக்கவில்லை. விரல் விரித்தே வைத்திருந்தேன், சத்தியமாக. அவன் பக்கவாட்டில் போய் என்னைத் தாண்டி வீசினான். அது தினேஷின் திறந்திருந்த கண்ணில் விழுந்தது. பையன் போட்ட சத்தத்தை எழுத வரவில்லை.

அதற்குப் பிறகு நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. ரவின் மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையை எதிர்ப்பக்கமாக மடக்கினேன். காய்ந்த மிலாறு உடைகிற மாதிரி உடைந்தது. அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. மூட்டைகள்மேல் எறிந்தேன். தூக்கி மறுபடி எறிந்தேன். முகத்தில் குத்தினேன், எத்தனை என்று தெரியாது. நெஞ்சில் மிதித்தேன். மற்றவர்கள் எப்போது ஓடினார்கள் என்றும் தெரியாது.

பூங்கொடிதான் கத்தினாள். இந்தத் தடவை என்னைப் பார்த்து.

"போதும் சார்! செத்துருவான் சார்! மொதல்ல என் தம்பிய அவுத்து விடுங்க சார்!"

தினேஷை நான் மறந்தே போயிருந்தேன். கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான்.

யாருக்காக உள்ளே போனேனோ அவனை மறந்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு வருஷம் கிளப் வாசலில் அடித்தது வேலை. சம்பளத்துக்கு அடித்தேன், முடிந்ததும் கை கழுவினேன். இன்றைக்கு அடித்தது இனித்தது. இதை செ.விடம் எப்படிச் சொல்வது?

தினேஷை அவன் வேனிலேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பின்னால் குலைகள் உருண்டு இடித்துக்கொண்டே வந்தன. பூங்கொடி அவன் தலையை மடியில் வைத்து, "திருடுனது தப்புதான்லா, தப்புதான்லா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். யாரிடம் சொன்னாளோ.


ஜூலை 16, புதன்

நேற்று கை வலித்து நிறுத்திவிட்டேன். மிச்சம்.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸ் நிலையத்துக்குப் போனோம், நானும் பூங்கொடியும். நானாகவே போனேன், லியோங்குக்குப் போனில் சொல்லிவிட்டு. லியோங் வாசலில் காத்திருந்தார், கையில் பிளாஸ்டிக் பையில் வெள்ளைச் சட்டை. வீட்டுக்குப் போய் செ.விடம் வாங்கி வந்திருக்கிறார்.

"மாத்து. இப்படியே உள்ள போனா உன்னைக் குண்டர்னுதான் எழுதுவாங்க."

பூங்கொடி என் கையைப் பிடித்தாள். "மாத்தாதீங்க சார். அதுல இருக்கிறது என் தம்பி ரத்தம். அவங்க பாக்கணும்."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். கழிவறைக்குப் போய் மாற்றினேன். நீலச் சட்டையை மடித்து அதே பையில் போட்டு, மேசையில் இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உக்காருங்க என்சிக்" என்று நாற்காலி காட்டினார். கிளப் நாட்களில் எத்தனையோ தடவை போலீஸ் நிலையம் போயிருக்கிறேன். யாரும் என்னை ஐயா என்கிற மாதிரி என்சிக் என்றதில்லை. நாற்காலியும் கொடுத்ததில்லை.

பூங்கொடி நின்றுகொண்டே இருந்தாள். நைட்டியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவளுக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை. நான் எழுந்து என்னுடையதைத் தள்ளினேன். முதலில் உட்கார மாட்டேன் என்றாள். உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் செய்ததையும் சேர்த்து. லியோங் இடையில் இருமினார். நிறுத்தவில்லை.

வீட்டில் செ. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முட்டிகள் வீங்கியிருந்தன. அவள் தேடியது வேறு என்று எனக்குத் தெரியும். நடுக்கம் இல்லை. கையை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.


ஜூலை 18, வெள்ளி

மழை. தினேஷுக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்று தேறும் என்கிறார்கள். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவனுக்கு மெல்ல முடியாது, அதுகூட எனக்குத் தோன்றவில்லை. பூங்கொடி அரைத்துக் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். இப்போது என்னை அண்ணே என்கிறாள்.

ரவின்மேல் கேஸ். கையில் இரும்புத் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்களாம். என்மேலும் கேஸ். இப்போதைக்கு ஜாமீன். எஸ்டேட் நம் கம்பெனியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

லியோங் வேலையை விட்டு அனுப்புவார் என்று நின்றேன். "வேலி விக்கப் போனோம். நீ ஆளை உடைச்சிட்டு வந்துட்ட" என்றார். அவ்வளவுதான். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அந்த ஹோஸைப் பார்த்தீர்கள்தானே என்று கேட்க வாய் வந்தது. கேட்டும் விட்டேன்.

"பார்த்தேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.


ஜூலை 21, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. காலையிலிருந்து போன். கணக்கு அம்மா எடுத்து எடுத்துக் களைத்துவிட்டார். இரண்டு எஸ்டேட், ஓர் அரிசி மில். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கையை உடைத்த ஆள் உங்களிடம்தானே? அவரே வருவாரா?

லியோங் முகத்தில் சந்தோஷமா வருத்தமா, தெரியவில்லை. "இத்தன வருஷத்துல யாரும் தானா போன் பண்ணிக் கூப்பிட்டதில்ல."

"நான் போகல சார்."

"வெக்கமாத்தான் இருக்கு. ஆனா கடை வாடகை இருக்கு, அந்த அம்மா சம்பளம் இருக்கு, ஒனக்கு வக்கீல் இருக்கு." போனைப் பார்த்தபடி, "ஒரு தடவை. மில்லுக்கு மட்டும். வேலியப் பத்தி மட்டும் பேசிட்டு வந்துருவோம்."

மில் முதலாளி பணக்காரராம். அதனால் கோட்டும் போடச் சொன்னார், இரவல் கோட்டு. தோளில் இறுக்கம்.

செ. கோட்டைப் பார்த்தாள். "வேலையில ஒசந்துட்டீங்க போல" என்றாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.


ஜூலை 24, வியாழன்

பாரிட் புந்தார். வழியெல்லாம் நெல் வயல், கண்ணுக்கு இதம். மில் முதலாளி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு அதைத் திருப்பி முட்டிகளைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் காட்டினார். லியோங் வேலி என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

கிடங்குக்குக் கூட்டிப் போனார்கள். பூட்டைத் திறந்தபடியே முதலாளி மலாயில் சொன்னார், "நேத்தே புடிச்சிட்டோம். ஒங்களுக்காகத்தான் வச்சிருக்கோம்." விருந்தாளிக்குச் சாப்பாடு எடுத்து வைத்த மாதிரி.

உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஓர் ஆள். மூட்டை தூக்குகிறவர், அரிசி திருடினாராம். கையும் காலும் கட்டியிருந்தது.

நான் லியோங்கைப் பார்த்தேன். அவர் போனை எடுத்தார். கை நடுங்கியது, எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். ஆனால் போலீஸைக் கூப்பிட்டது அவர்தான். முதலாளி கத்தினார், காசு கொடுத்துப் புலியைக் கூப்பிட்டால் பூனை வந்திருக்கிறது என்றார். ஒருவன் லியோங் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அறுபது வயது மனிதர், மூட்டைமேல் விழுந்து எழுந்து, டையைச் சரிசெய்துகொண்டு அதே இடத்தில் நின்றார். என் விரல்கள் மடங்கின. கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

போலீஸ் வந்தது. அந்த ஆளைக் கூட்டிப் போனார்கள், முதலாளியையும் வரச் சொன்னார்கள். ஒப்பந்தம் இல்லை. திரும்பும்போது தைப்பிங்கில் லியோங் காரை நிறுத்தினார். கோப்பி வாங்கிக் கொடுத்தார். "திங்கக்கெழம சீக்கிரம் வா. வேலி எப்படிப் போடுறதுன்னு ஒனக்கு நான் ஒண்ணுமே சொல்லித் தரல."

செ.விடம் இவ்வளவும் சொன்னேன். ஒன்றைத் தவிர.

போலீஸ் வருவதற்கு முன், கட்டை அவிழ்க்க அந்த ஆள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்சட்டை நனைந்து, தரையில் ஓடியது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னை அண்ணே என்றார்.

"அண்ணே, மூஞ்சில மட்டும் வேணாம்ணே. ஞாயித்துக்கெழம மகள பொண்ணு பாக்க வராங்க."